அசையாத கூரை

நீங்கள் வாங்கித் தந்த டீயில் இனிப்பு கொஞ்சம் தூக்கல் சார். பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

பிரபாகரன் என்றால் கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிறவன் என்று விருதுநகரில் மற்ற இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது உறைத்தது. என் வேலை இவ்வளவுதான்: கட்டடத்தைத் திரையில் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்வேன். அங்கே உத்திரம் ஒரு கோடு. வளைந்த கான்கிரீட் கூரை ஒரு மெல்லிய தாள். கோடும் தாளும் சேரும் இடத்தை இறுகப் பிணைத்துவிட்டால் கூரை எதையும் தாங்கும்.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சுந்தரபாண்டி, இரண்டாயிரத்து ஆறில், காலி அட்டைப்பெட்டி அடுக்க ஒரு குடோன் கேட்டார். அப்படியொரு கூரையைப் போட்டுக் கொடுத்தேன். வெடிமருந்து புழங்கும் அறைக்கு அது ஆகாது. அங்கே கூரை இலேசாக இருக்க வேண்டும். வெடித்தால் அது பறந்து, வெடிப்பின் வேகம் மேலே போய்விடும். உள்ளே இருப்பவர்கள் பிழைக்க அது ஒரு வழி.

குடோன் எழுந்த பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், அதற்குள் மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்று திரையில் போட்டுப் பார்த்தேன். கூரை அசையவில்லை. வேகமெல்லாம் வாசல் பக்கம் திரும்பி, அந்த இடம் மட்டும் சிவந்து நின்றது. ஆட்கள் ஓடிவர வேண்டிய வாசல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டி வெடிக்காதே. என் கணக்கு சரி என்று யாருக்கும் காட்ட வழியில்லை.

அந்தக் கம்பெனியில் மருந்து அடைக்கும் மாரிசெல்வி ஒருநாள் நிழலுக்காக குடோனுக்குள் ஒதுங்கினாள். "தகரத்துக்கு அடியில வேகுறோம் சார், முதுகு பூரா வேர்க்குரு. இங்கன எம்புட்டு குளுமையா இருக்கு. எங்களை இங்கன மாத்தச் சொல்லி மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீகளா?"

சொன்னேன். அவர் தயங்கினார். "கனத்த கூரையாச்சே, ஆபத்து ஒண்ணும் வராதே?" என்றார். கூரை அசையாது என்றேன். அதில் பொய் இல்லை சார். மாரிசெல்வியோடு இன்னும் மூன்று பெண்களை அங்கே மாற்றினார். அவள் எனக்குச் சாத்தூர்ச் சேவு வாங்கி வந்து கொடுத்தாள். காரம் நன்றாக இருந்தது.

தீபாவளி சீசன் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய்வந்தேன். நான் எதையும் பற்றவைக்கவில்லை. ஆர்டர் அவசரத்தில் யார் கையிலோ மருந்து உரசியிருக்கிறது. தகவல் தெரிந்து போனபோது நால்வரும் வாசலில்தான் கிடந்தார்கள். நான் முதலில் அண்ணாந்துதான் பார்த்தேன். கூரையில் ஒரு கீறல்கூட இல்லை.

என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அவர்களை உள்ளே வைத்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்ஜினியரின் கணக்கு தப்பிப்போனதால் நடந்தது என்று வாக்குமூலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார்.