டவர் மாமி

மீன் பொரிக்கும்போது காதில் ஹெட்போன் மாட்டக்கூடாது ஐயா. எண்ணெய் வெடிக்கிற சத்தம் கேட்காது, மீன் ஒரு பக்கம் கருகிவிடும். நான் அப்படிக் கருக்கிப் போட்ட மீனிலேயே எங்கள் ஒழுங்கைப் பூனைகள் கொழுத்துப்போயின.

இதை எழுதக் காரணம் உங்கள் அறிக்கை. ஸப்ரானின் மரண விசாரணையில் நீங்கள் வாசித்ததைப் பக்கத்து வீட்டு அலீமா வந்து சொன்னாள். போட் கவிழ்ந்து கடலில் மூழ்கினான், விபத்து, எவரிடமும் உதவி கேட்டதாகத் தெரியவில்லை. கடைசி வரி பிழை. எங்கள் ஊர் மாம்புரியில் ஒரு பிழையான செய்தி சுற்றித் திரிவதை என்னால் பொறுக்க முடியாது. என்னைப் பற்றி ஊரில் ஆயிரம் கதைப்பார்கள். ஆனால் இந்த ஹஃபீலா சொன்னது பொய் என்று இன்றுவரை யாரும் வாசலுக்கு வந்ததில்லை.

என் மகன் ஃபாஹிமுக்கும் அவனுடைய கூட்டாளிமாருக்கும் விமானப் பைத்தியம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. கடைக்குப் போய் பாண் வாங்கிவர எழும்பமாட்டார்கள்; கதிரையில் இருந்தபடியே துபாய்க்குப் போய் வருவார்கள். ஓட்டுவது அவரவர் வீட்டில். ஓட்டும்போது ஒருவரோடொருவர் கதைப்பதற்கு மட்டும் ஒரு பொது இடம் வேண்டும். அந்த இடம் என் தையல் மெஷினுக்குக் கீழே இருக்கிற கறுப்புப் பெட்டி. சேர்வர் என்பார்கள். ஃபாஹிம் கட்டாருக்குப் போகிற நாள் அதைக் காட்டி, "உம்மா, கரண்ட் போய் வந்தா இந்த பட்டன மட்டும் அமத்துங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல" என்றான்.

வேறொன்றும் செய்யாமல் இருக்க நான் என்ன சுவரா?

முன்பெல்லாம் நாலு விஷயம் தெரியவேண்டுமென்றால் வேலியோரம் நிற்கவேண்டும். கால் உளையும், நுளம்பு கடிக்கும். இப்போது ஹெட்போனை மாட்டினால் போதும், பக்கத்து ஊர் கனமூலையில் எந்தக் கடைக்காரர் எந்தக் கடைக்காரரோடு முகம் கொடுப்பதில்லை என்பதுவரை வந்து சேரும். ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கிலேயே சிரித்துவிட்டேன். ஸப்ரான்தான் முதலில் கதைத்தான்.

"மாமி, கேக்கிறதெண்டா சும்மா கேக்கப்படாது. டவர்ல இருங்க."

டவர் என்றால் விமானங்களுக்கு வழி சொல்கிற கோபுரம். யார் எப்போது இறங்கலாம், யார் பொறுக்கவேண்டும் என்று சொல்கிற வேலை. அன்றிலிருந்து நான் டவர் மாமி. எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் பிடித்திருந்தது.

ஸப்ரான் மீன்பிடிக்கிறவன். தகப்பன் இல்லை. தாயையும் தங்கச்சி ஆதிலாவையும் அந்த ஒரு போட்டின் உழைப்பில்தான் பார்த்துக்கொண்டான். கூட்டத்தில் அவன்தான் முறை தவறாத விமானி. எனக்குச் சொற்களைச் சொல்லித்தந்ததும் அவனே.

"டவர் ஸ்டேண்ட்பை எண்டு சொன்னா, பொறு, நானே கூப்பிடுவன் எண்டு கருத்து மாமி. பிறகு பைலட் வாயத் தொறக்கப்படாது. டவருக்கு ஆயிரம் வேல இரிக்கும். நம்பிக் காத்திரிக்கணும்."

சொன்னபடியே நடந்தான். ஒரு முறை நான் ஸ்டேண்ட்பை சொல்லிவிட்டு, பால் பொங்குகிறதென்று எழும்பிப்போய், அப்படியே அலீமாவோடு கதையில் நின்றுவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து வந்தால், ஸப்ரான் இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்கள் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "டவர் சொல்லல்ல, நான் எறங்கல்ல" என்றான் அவன்.

சேர்வரில் பூட்டுப் போட்ட அறைகளும் உண்டு. இரண்டு பேர் தனியாகக் கதைப்பதற்கு. ஃபாஹிமின் பெயரில் நுழைந்தால் எந்தப் பூட்டும் திறக்கும். உள்ளே நிற்பதும் எவருக்கும் தெரியாது. வீடு என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. என் வீட்டு அறைக்குள் நான் போவதில் என்ன இருக்கிறது?

அங்கேதான் ஸப்ரான், விமானக் கூட்டத்தில் ஒருவனான கனமூலை நிஸாரிடம் கேட்டான். ஆதிலாவுக்குக் கனமூலையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் தானே போய்ச் சொல்லிவிட நினைப்பதாகவும், எப்படித் தொடங்குவது என்றும் கேட்டுக்கொண்டிருந்தான். பாவம், இந்த மாதிரி விஷயங்களைச் சொல்வதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அதனால் நானே போய்ச் சொன்னேன். வந்தது என்பதற்குப் பதிலாக வருகிறது என்று வாய் தவறியிருக்கலாம். இரண்டு மூன்று எழுத்து வித்தியாசம். சம்பந்தம் நின்றது.

அந்த வியாழக்கிழமை, கடலுக்குப் போகிற வழியில் ஸப்ரான் என் வாசலில் நின்றான்.

"மாமி, ஆதிலாட கதய நான் ஒரேயொரு எடத்துலதான் கதச்ச."

"எங்க மகன்?"

"ஒங்கட தையல் மெசினுக்குக் கீழ."

நான் குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளைச் சோடி சேர்த்து வைத்தேன்.

"ஏசமாட்டன் மாமி. கடலால வந்து பின்னேரம் ஃபாஹிமுக்குச் சொல்லுவன். மத்தவங்களுக்கும் சொல்லுவன். பொட்டி இனி எங்கட ஊட்டுல இரிக்கட்டும்."

கோபத்திலும் மாமி என்றுதான் சொன்னான். வளர்ப்பு நல்லது. நான் உள்ளே வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பெட்டியின் சின்னப் பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. அது போனால் இந்த வீட்டில் என்னோடு கதைக்க யார் இருக்கிறார்கள்? கணவர் மௌத்தாகி ஒன்பது வருடம். ஃபாஹிம் கிழமைக்கு ஒரு தரம் கோல் எடுப்பான். அதிலும் பாதி நேரம் மருமகள் கதைப்பாள்.

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு ஹெட்போனை மாட்டினேன். மற்றவர்கள் வேலையில். பட்டியலில் இரண்டு பெயர்தான்: டவர், ஸப்ரான். கடலில் நிற்கும்போதும் அவன் இணைந்தே இருப்பான். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். வலை இழுக்கிற கையால் பட்டன் அமத்த முடியாதென்று, வாய் திறந்தாலே மைக் திறக்கும்படி வைத்திருந்தான்.

விமானி உயிராபத்தில் சொல்கிற மேடே என்ற சொல்லை ஸப்ரான் மூன்று தரம் சொன்னான். முறைப்படி.

"டவர் மாமி, வெளாட்டில்ல. போட் பெரண்டுட்டு. கால்ல வல சுத்தியிரிக்கி. போன் ஈரம், கோல் எடுக்க ஏலாம இரிக்கி. பள்ளிவாசலுக்கு நேர, ஒரு மைலும் வராது. ஜப்பார் நானாட்டச் சொல்லுங்க."

விளையாட்டென்று நினைத்தேன் என்று நான் எழுதலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் தண்ணீர் போட்டில் அடிக்கிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் விமானத்தில் அந்தச் சத்தம் இல்லை.

பட்டனை அமத்தி, "ஸ்டேண்ட்பை" என்றேன்.

"சரி மாமி" என்றான். நிம்மதியான குரல்.

ஸப்ரான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஜப்பார், அலீமாவின் புருஷன். நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அவருடைய போட் மணலில் நின்றது. அவர் முற்றத்தில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி வேலிக்குப் போனேன். சொல்லத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலீமா காயப்போட்ட கொச்சிக்காயை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ராத்தா. என்ன புதினம்?"

"ஒண்டுமில்ல."

"ஒங்கட வாய்ல ஒண்டுமில்லயா? காய்ச்சலா ராத்தா?"

எஞ்சினுக்குப் பின்னாலிருந்து ஜப்பார் தலையைத் தூக்கினார். "டவருக்கு இண்டைக்கு சிக்னல் இல்ல போல."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொச்சிக்காய் விலை, அவளுடைய மச்சியின் புதுக் குளிர்சாதனப் பெட்டி, அது என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்றெல்லாம் கதைத்தோம். எனக்குக் கோபமிருக்கவில்லை ஐயா. ஃபாஹிமுக்கு என்ன சொல்வதென்று யோசிக்கக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். அவன் மூச்சு மட்டும் கேட்டது. இருபத்திரண்டு நிமிடம் அவன் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மெல்லக் கேட்டான்.

"டவர்... ஜப்பார் நானா வெளிக்கிட்டாரா?"

"ஸ்டேண்ட்பை" என்றேன்.

இந்த முறை சரி என்று வரவில்லை. ஆனால் அவன் திரும்பக் கேட்கவுமில்லை. நாலு முப்பத்தொன்றுக்குப் பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மீன் பொரித்தேன். அன்றைக்கு ஒரு துண்டும் கருகவில்லை.

ஆகவே அந்த வரியைத் திருத்துங்கள். அவன் உதவி கேட்டான். இரண்டு தரம் கேட்டான். நான் காதால் கேட்டேன், இரண்டு தரமும் பதில் சொன்னேன். ஜப்பாரிடம் சொல்லியிருந்தால் கால் மணித்தியாலத்தில் தூக்கியிருப்பார்கள் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அவனைக் காத்திருக்கவைத்தே சாகவிட்டேன். பெட்டி யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை மட்டும்தான் எழுதி வைக்கும், குரலை வைத்திருக்காது. குரலை நான் வைத்திருக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். இது உங்களோடு இருக்கட்டும். குறிப்பாக அலீமாவின் காதில் விழக்கூடாது. அவள் கேட்டால் அந்தி மஃரிப் தொழுகைக்குள் கனமூலைவரை போய்விடும். சில பேருக்கு அடுத்தவர் விஷயத்தை வாய்க்குள் வைத்திருக்கவே தெரியாது ஐயா.