ஆழத்தில் வைத்த கல்

பயிற்சியாளர்களுக்கு விசில் வாங்கினால் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், ஐயா. இரும்பு விசில் குளோரின் தண்ணீர் பட்டுச் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். நீங்கள் கேட்கவில்லைதான். கேட்காமல் சொல்லிக்கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தர வருகிறவர்களைப் பயிற்சியாளர்களாக்கி அனுப்புகிறவன் நான்.

வருகிறவர்கள் யார்? பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர், பல் டாக்டரிடம் எடுபிடி, வேலை போன வங்கிக்காரர். தொப்பை இருக்கும், நல்ல மனசு இருக்கும். தொப்பையாவது மிதக்கும். நான் துறைமுகத்தில் மூட்டை சுமந்து வளர்ந்தவன். என் அப்பா ஒருநாள் என்னைப் படகிலிருந்து கடலில் தள்ளிவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.

எங்களை நடத்துகிற நீச்சல் சங்கம் இப்போது வேறு வழியில் போகிறது. மேலிடத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். எங்களை வட்டமாக உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, ஒருவரைத் திருத்துவதற்கு முன் எப்படிப் பாராட்ட வேண்டும் என்று பாடம் எடுத்தார். உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். அது முக்கியமில்லையாம்.

என் பாடம் ஒன்றுதான். கல் வைப்பது என்று அதற்குப் பெயர். வகுப்பு நடக்கும்போது, பயிற்சியாளருக்குத் தெரியாமல், மூச்சடக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை ஆழப் பக்கத்தில் அடித்தரையில் அசையாமல் கிடக்கச் சொல்வேன். பயிற்சியாளர் கண்டுபிடித்துக் குதித்தால் தேறினார். இல்லையென்றால் பிள்ளையை மேலே வரவழைத்து, எல்லார் முன்னாலும் அவரை வீட்டுக்கு அனுப்புவேன். அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பிறகு தையல்காரம்மா வந்தாள். துணி ஃபேக்டரியில் நாளெல்லாம் சட்டைக் காலர் தைப்பவள். சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவாள்; பிள்ளைகள் ‘மிஸ், மிஸ்’ என்று மொய்த்துக்கொள்ளும். அவள் பிள்ளைகளை ஜோடி சேர்த்தாள். விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். யாருடைய ஜோடி காணோமோ அவர் கத்த வேண்டும். நான் கல் வைத்தபோது, அது அடியைத் தொடுவதற்குள் ஜோடிக்காரி கத்திவிட்டாள். தையல்காரம்மா கட்டின துணியோடு குதித்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

இரவல் கண்ணால் பார்த்துத் தேறுவது ஒரு தேர்ச்சியா என்று கேட்டேன்.

“எனக்கு ரெண்டு கண்ணுதான் மாஸ்டர். பசங்க கண்ணையும் சேத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போச்சு?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் சங்கச் செயலாளர் வந்தார். “அண்ணே, புதுசா வர்ற கோச்சுங்களுக்கு இனிமே தையல்காரம்மாவே சொல்லிக் குடுக்கட்டும். கல்லு வைக்கிறதையும் விட்ருவோம். நீங்க வாங்க, உக்காருங்க, டீ குடிங்க.”

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். மூட்டை சுமந்தவனுக்கு இறக்கிவைப்பதில் என்ன வருத்தம்? யார் தலையில் இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன்.

கடைசியாக ஒரு கல் வைத்தேன். குளத்து வாசலில் கடை வைத்திருப்பவரின் சின்ன மகள். மீன்குட்டி என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அக்காதான் அவளுக்கு ஜோடி. இருவரையும் குளிக்கும் அறைப் பக்கம் கூப்பிட்டு, இது மிஸ்ஸுக்கு வைக்கிற பரீட்சை என்றேன். விசில் ஊதினால் பக்கத்து ஜோடியோடு கை கோத்துக்கொள், வாயைத் திறந்தால் மிஸ் தோற்றுவிடுவாள் என்று அக்காளிடம் சொன்னேன். சின்னவளிடம், மூழ்குவதற்கு முன் மூச்சை வேகவேகமாக இழுத்து இழுத்து விடு, அப்புறம் நெஞ்சு முட்டாது, ரொம்ப நேரம் கிடக்கலாம் என்றேன்.

நெஞ்சு முட்டாது என்பது உண்மை. முட்டினால்தானே ஆள் மேலே வருவான்? முட்டாதவன் சொகமாகக் கிடந்து, அங்கேயே நினைவு தப்புவான். எந்தப் பிள்ளையையும் இப்படிச் செய்ய விடக் கூடாது என்று, வருகிற பயிற்சியாளருக்கெல்லாம் முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

விசில் ஒலித்தது. கைகள் உயர்ந்தன. தையல்காரம்மா ஒரு தடவை பார்த்தாள். ஒற்றைக் கை எதுவும் இல்லை. நம்பிவிட்டாள். தண்ணீருக்குப் பயந்து அழுத ஒரு வாண்டைத் தேற்றத் திரும்பிக்கொண்டாள். அக்காக்காரி கரையோரம் நீந்தி என் காலடிக்கு வந்தாள்.

“மாஸ்டர், போதும் மாஸ்டர். மிஸ்ஸைக் கூப்பிடட்டுமா?”

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

அடியிலிருந்து சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. குமிழி நின்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு பாய்ச்சல்தான். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காக்காரி அலறினாள். தையல்காரம்மா குதித்துத் தூக்கிவந்து, தரையில் கிடத்தி, நான் கற்றுக்கொடுத்தபடியே நெஞ்சை அழுத்தினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையைப் பிடித்து விலக்கும்வரை அழுத்தினாள்.

அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, என் தப்புதான், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று உங்கள் போலீஸ்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்காக்காரிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. நானாகவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் செயலாளர் பத்திரிகைக்காரர்களிடம் ‘எதிர்பாராத விபத்து’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வைக்கிற பரீட்சையில் எதிர்பாராதது எதுவும் நடக்காது. இழுத்து மூச்சு விடச் சொன்னது நான். கூடப் பிறந்தவளின் வாயை அடைத்தது நான். குமிழி நின்ற பிறகும் நின்றது நான். தையல்காரம்மா தேறவில்லை, அவ்வளவுதான்.

சின்னவளைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அப்படி ஒருத்தி வளர்ந்து என் கையில் கிடைத்திருந்தால், அவளை நல்ல பயிற்சியாளராக ஆக்கியிருப்பேன்.