பெரியநாயகியின் கூறைச் சேலை

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். சாயக்காரன் நாக்கு, அளவு தப்பினால் உடனே தெரிந்துவிடும். உட்காருங்கள், எல்லாவற்றையும் நானே சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். என் அரக்குச் சிவப்பை எத்தனை முறை அலசினாலும் பக்கத்து நிறத்தில் இறங்காது. மற்றவன் கரைக்குப் போடும் சிவப்பு முதல் தண்ணீரிலேயே சேலையின் மஞ்சள் உடம்பில் இறங்கி நாசமாக்கிவிடும். அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தவன் நான். யாரிடமும் திருடவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரி வழியாக ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வந்தது. அவர்கள் நாட்டில் என் பெயரில் காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். மெட்ராஸ் வக்கீல் ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தச் சாயத்துல இதுக்கு முன்னாடி ஏதாவது துணி வெளியில வந்திருக்கா?" மனு போடுவதற்கு முன்பே உலகத்தின் எந்த மூலையிலாவது நாலு பேர் பார்க்க அது புழங்கியிருந்தால், அந்த நாட்டுச் சட்டப்படி காப்புரிமை கிடையாதாம். கண்டுபிடித்தவனே புழங்கவிட்டிருந்தாலும் அப்படித்தானாம். நான் இல்லை என்றேன்.

இருந்தது. என் கல்யாணத்துக்கு நானே சாயம் போட்ட கூறைச் சேலை. அதற்குப் பிறகு, எவனாவது பார்த்துப் பக்குவத்தைத் திருடிவிடுவான் என்று அந்தச் சாயத்தைத் தொடவே இல்லை. ஆனால் என் மனைவி பெரியநாயகி பங்குனி உத்திரம் தவறாமல் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்பாள். "எத்தினி வருசமாவுது, ஒரு பொட்டு கரையல பாருமா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் முந்தானையை விரித்துக் காட்டுவாள். போட்டிக் கம்பெனியின் ஆள் ஒருவன் பழைய சேலைகளை விலைக்குக் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தான். வாய்ச்சொல்லை வக்கீல் மறுத்துவிடுவார். துணி ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என் கதை முடிந்தது.

அந்தச் சேலையைக் கொடுத்துவிடு என்று அவளிடம் நயமாகத்தான் கேட்டேன்.

"இன்னாங்க பேசுறீங்க? அத்தக் கட்டிக்கினு வந்தேன், கட்டிக்கினுதான் போவேன்" என்றாள்.

அதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் சுமங்கலியாகப் போகிறவளைக் கூறைச் சேலையோடுதான் வழியனுப்புவோம். சேலை மட்டும் காணாமல் போனால் அவள் ஊரைக் கூட்டிவிடுவாள். அவளோடு சிதையில் போனால் ஊர் கையெடுத்துக் கும்பிடும்.

ஊரில் பேதி பரவியிருந்த சமயம். பட்டறையில் இருந்த சாய மருந்தை மோரில் கலந்து கொடுத்தேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஐயா. வாந்தியெடுக்கும்போது அவள் தலையைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். "தொண்டை எரியுது, இன்னொரு வாய் மோர் குடுங்க" என்று அவளே கேட்டாள். கொடுத்தேன்.

பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துவந்து அவளுக்குச் சுற்றியது அவள் தங்கை லோகாம்பாள். நான் கேட்கக்கூட இல்லை.

சுடுகாட்டில்தான் தப்புச் செய்தேன். தீ வைக்கும் முன் பட்டுச் சேலையை எடுத்துக்கொள்வது வெட்டியானுக்குள்ள பாத்தியதை. அது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. அவர் சேலையில் கை வைத்ததும் பாய்ந்து தள்ளிவிட்டேன். அது கருகி முடியும்வரை கம்பை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நான் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று லோகாம்பாளின் புருஷன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு லோகாம்பாள், கழுவாமல் கிடந்த மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

கொன்றது நான்தான், மறைக்கவில்லை. அவள் ஆசைப்பட்டபடியே அனுப்பிவைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உதவி. என் மகள் பூங்காவனத்தை லோகாம்பாள் வாலாஜாபாத்துக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். கல்யாணச் சேலைக்குப் போக மிஞ்சிய நூலில் பெரியநாயகி எனக்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஒரு பாவாடை நெய்யக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். கழற்றவே மாட்டேன் என்கிறாளாம், அம்மா மாதிரியே பிடிவாதம். வக்கீல் ஜாமீன் வாங்கிவிடுவார். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஐயா. தாயில்லாப் பிள்ளை அப்பாவிடம் இருப்பதுதான் முறை. அவளுக்கும் மோர் என்றால் உயிர்.