பின்சக்கரம் தாண்டும்வரை காத்த குரலுக்கு

விண்ணோங்கும் கோபுரத்தில் வீற்றிருந்து, மண்ணோடும் வண்டிகளை மதியால் வழிநடத்திய மாண்பே! கண்ணாடிக் கூண்டுக்குள் கண்ணயராது காத்த காவலே! முகம் காட்டாமலே எங்கள் முதுகைக் காத்த முதல்வியே! விமான நிலையத் தரைக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து இன்று ஓய்வுபெறும் எங்கள் அன்பு அக்கா! வணக்கம்.

அடைமொழிகள் இன்னும் நாலைந்து எழுதி வைத்திருந்தேன். "போதும்ப்பா, வளவளன்னு பேசினா அவங்களுக்குப் பிடிக்காது" என்று தீயணைப்பு வண்டி அண்ணன் அவற்றை அடித்துவிட்டார். ஆகவே, ஓடுபாதையைப் பெருக்கும் வண்டி ஓட்டுகிற நான், அங்கே வண்டி ஓட்டும் எல்லோர் சார்பிலும் இருப்பதைக் கொண்டு சிறப்பிக்கிறேன்.

தாங்கள் விழாவே வேண்டாம் என்றீர்களாம். "கீழ யாருக்குங்க என்னைத் தெரியும்? வெறும் குரல்தானே நான்" என்றீர்களாம். கேட்டதும் எங்களுக்குச் சுருக்கென்றது. தெரியும் அக்கா, தங்களை எங்களுக்குத் தெரியும் என்று சொல்லத்தான் இந்த மடல். இதை நம்பாமலே தாங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்களோ என்பதுதான் இன்று எங்கள் கவலை.

தங்களுக்குச் சளி பிடித்தால் இழுவை வண்டிக்காரர் வரைக்கும் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுமதி தருவதும் தெரியும். தங்கள் கணவர் காலமானபின் பணிக்குத் திரும்பிய காலையில், வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினீர்கள். வண்டியிலுள்ள வானொலியில் ஆறுதல் சொல்ல விதி இடம் தராது. அதனால் அன்று ஒருவரும் ஒரு சொல்லை வீணாக்கவில்லை, ஒரு வண்டியும் கோடு பிசகவில்லை. கூடிப் பேசிச் செய்ததில்லை அது. எங்களால் முடிந்த துக்க விசாரிப்பு அவ்வளவுதான் அக்கா.

கனிவும் கண்டிப்பும் கலந்த கடமைச் செல்வியே! எங்கள் கூட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடுபாதையை விட்டு வெளியேறும்போது, அதன் எல்லையான மஞ்சள் கோடு கண்ணில் பட்டதுமே "வெளிய வந்துட்டேன்" என்று சொல்லிவிடுவோம். சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிடுவோம் என்கிற தைரியம். தாங்கள் அதை ஒருநாளும் ஏற்றதில்லை. "பின்சக்கரம் தாண்டிடுச்சா?" என்று கேட்பீர்கள். மழையானாலும் வெயிலானாலும், பதினெட்டுப் பட்டம் பெற்ற பொறியாளர் ஓட்டினாலும் அதே கேள்விதான். நாங்கள் கூடிச் சாப்பிடும் உணவகத்தில் தங்களுக்குப் பெயரே பின்சக்கரம் அக்கா. இன்று உண்மையைச் சொல்லிவிட்டோம், கோபிக்க வேண்டாம்.

ஒரு மழைநாளில், ஓடுபாதையில் ஜீப்பில் போய்ப் பறவை விரட்டும் அண்ணன் வழக்கம்போல் "வெளிய வந்துட்டேன்" என்றார். தாங்களும் வழக்கம்போல் கேட்டீர்கள். பதில் வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது, இன்ஜின் அணைந்த ஜீப்பின் பின்பாதி ஓடுபாதைக்குள்ளேயே கிடந்தது. ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பதில் வராததே போதும் என்று, தாங்கள் விமானங்களை இறக்கும் பக்கத்து இருக்கைக்காரரிடம், "எறக்காதீங்க, மேல அனுப்புங்க!" என்று கத்தியது எங்கள் எல்லோருடைய வானொலியிலும் கேட்டது. மழைத்திரையைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம் ஜீப்பின் தலைக்குமேல் எழும்பிப் போனது.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? "ஒரு ஜீப்புக்காகவா இவ்வளவு பெரிய விமானத்தைத் திருப்புனாங்க?" என்று பயணிகள் புகார் எழுதினார்கள். விசாரணை முடியும்வரை தங்களை ஒலிவாங்கிப் பக்கமே விடவில்லை. அண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னதால் தாங்கள் திரும்பி வந்தீர்கள். அவர் நேரில் நன்றி சொல்லக் கோபுர வாசலுக்கு வந்தார். "பாஸ் இல்லாம மேல போக முடியாதுப்பா" என்று காவலர் அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் வானொலியில் "ரொம்ப நன்றிக்கா" என்றார். "சொந்தப் பேச்சு வேண்டாம்" என்றீர்கள். ஆனால் பேசி முடித்தும் ஒலிவாங்கிப் பொத்தானை விடவில்லை. கோபுர அறையின் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்சநேரம் எங்களுக்குக் கேட்டது.

அந்த ஏசியைப் பழுது பார்க்க மேலே வந்த மெக்கானிக் தம்பிதான் இன்றைக்கு முன்பு எங்களில் தங்கள் முகம் பார்த்த ஒரே ஆள். ஜன்னலோரம் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தீர்களாம். "ஏன்க்கா தனியா சாப்பிடுறீங்க?" என்று கேட்டிருக்கிறான். "சீட்டை விட முடியாதே, ஆளுக்கொரு நேரம். வீட்டுலயும் இதே கதைதான் தம்பி. இங்கயாவது நாள் பூரா பேச்சு இருக்கு" என்றீர்களாம். அவன் கீழே வந்து அதைச் சொன்ன பிறகு எங்கள் மேசையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாளை முதல் அந்தப் பேச்சும் தங்களுக்கு இராதே அக்கா.

அருளும் ஆயுளும் பெருகி, நலமும் நிம்மதியும் நிறைந்து, தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் அக்கா! உணவகத்தில் எங்கள் மேசையில் தங்களுக்கு எந்நாளும் ஓர் இடம் உண்டு. அங்கே வர எந்தப் பாஸும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு காலம் காத்த ஓடுபாதையில் தாங்கள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை என்று கோபுரத்தில் சொன்னார்கள். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. மங்கிய கோடுகளுக்கு வண்ணம் பூசுவதற்காக இன்று பிற்பகல் ஓடுபாதையை மூடியிருக்கிறார்கள். மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டோம். பறவை விரட்டும் அண்ணன் ஜீப்போடு வாசலில் நிற்கிறார். இந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், நடு ஓடுபாதையில் இறக்கிவிடுகிறோம். எந்த விமானமும் வராது. சீக்கிரம் வெளியே வரச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். மனம் போதும் என்னும்வரை நில்லுங்கள் அக்கா. தனியாக நிற்கப் பிடித்தால் நாங்கள் தள்ளி நிற்கிறோம். பிடிக்காவிட்டால், கூடவே நிற்கிறோம்.

என்றும் தங்கள் குரலுக்குக் கட்டுப்பட்ட,
பெருக்கும் வண்டி, இழுவை வண்டி, தீயணைப்பு வண்டி, பறவை விரட்டும் ஜீப் ஓட்டுநர்களும்
ஏசி மெக்கானிக் தம்பியும்