இந்தக் கை எனக்கு, அந்தக் கை உனக்கு

கிணத்துக்கடவில் நின்ற கோயமுத்தூர் பஸ்ஸில் நானும், இரண்டு தேங்காய் வியாபாரிகளும், ஓர் இளம் தம்பதியும் இருந்தோம். டிரைவர் இன்னும் வரவில்லை. கோயமுத்தூரில் பிளேக். அங்கே நோயில் படுத்திருந்த தாயைப் பார்க்கத்தான் அந்தப் பெண் போய்க்கொண்டிருந்தாள். புருஷனோ காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஒரு பிளேக் ஊசிக்கு ரெண்டு கையுமா வீங்கும்?" என்று அவள் அவனைக் கேட்டாள்.

"இந்தக் கை எனக்கு, அந்தக் கை உனக்கு அம்மணி. நீ பயப்படுவியேன்னு உன்ற ஊசியையும் நானே போட்டுக்கிட்டேன்."

ஒரு வியாபாரி சிரித்துவிட்டார். "அப்ப இவரு சோறுண்டா உங்களுக்குப் பசியாறுமாக்கும்!"

"புருசன் பொண்டாட்டி ஒரே உடம்புன்னு கல்யாணத்துல சொன்னாங்களேங்க?" என்றான் அவன். "காச்சல் வந்தாத்தான் உடம்பு பிளேக்கை எதுத்து நிக்கப் பழகுதுன்னு ஊசிக்காரரும் சொன்னாரு. எனக்கு வந்துருச்சே!"

"பழகுனது உங்க உடம்புங்க. என்ற உடம்புக்கு என்னங்க தெரியும்?"

அவன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்பப் போட்டா இன்னைக்கே கேக்குமாங்க?" என்று அவள் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். அவள் ஊசி போடும் இடத்துக்கென்று இறங்கினாள். அவனும் பின்னாலேயே இறங்கினான்.

கிழித்த டிக்கெட்டுக்குக் காசு திரும்பாது என்றார் கண்டக்டர். இருவருக்குமாக எட்டணா போயிற்று.