எழும்பாத சம்பந்திகள்

"நான் எழும்பாதபடியாலைதான், சம்பந்தி, சிவாவின்ரை சாப்பாட்டுக்கடையிலை பார் வைக்க அனுமதி கிடைக்கேல்லை."

பார்க் மெட்ரோ நிலையத்தில் ரயில் ஏறி எனக்கு எதிரே அமர்ந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் சொன்னார். முந்திய நாள் நகரசபைக் கூட்டத்தில் அயலவர்கள் மதுச்சாலை வேண்டாமென்று எதிர்த்துப் பேசினார்களாம்.

"ஆதரவாக் கதைக்க ஆரும் இருந்தால் எழும்பச் சொன்னவை. நீங்கள் முன்வரிசையிலை இருக்கேக்கை நான் எப்பிடி எழும்புறது? குடிகாரன் எண்டெல்லோ நினைப்பியள்."

மற்றவர் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் எழும்பத்தான் வெளிக்கிட்டனான். திரும்பிப் பாத்தால் பின்னுக்கு நீங்கள்."

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தபோது முதலாமவர் எழுந்தார்.

"பாவம். பார் ஒண்டு வையும் தம்பி எண்டு அவனுக்குச் சொன்னதே நான்தான்."

"நானும்தான்."