பைண்டிங் சேர்த்து நூற்று நாற்பது

ஒரு மனிதன் இன்னொருவனை முழுதாக நம்புவதற்கு லண்டனில் விலை நூற்று நாற்பது பவுண். பைண்டிங் சேர்த்து. பைண்டிங் என்பது சப்பாத்தை, பனிச்சரிவில் நின்றபடி வழுக்கும் பனிப்பலகையோடு பூட்டி வைக்கும் பிடி. தனியாக வாங்கினால் அதுவே அறுபது பவுணுக்குக் குறையாது. ஆகவே விலையில் நான் யாரையும் ஏமாற்றவில்லை.

லக்‌ஷிகா பிள்ளைக்கு, தமிழிலேயே எழுதலாம், நிறுவனத்தில் மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி. ஆங்கிலத்தில் எனக்கு விற்க மட்டும்தான் வரும். என் மருமகன் மிதுலனின் காப்புறுதி கிளெயிமை நிராகரிக்கப் போகிறீர்கள் என்றும், பலகை பழுது என்று எச்சரித்த பிறகும் அவன் அதில் ஏறியதுதான் காரணம் என்றும் சொன்னீர்கள். அந்தப் பலகையை விற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். மாசி மாதம் நீங்கள் கடைக்கு வந்தபோது, நல்ல பலகை என்று சொல்லித் தேநீர் தந்து அனுப்பினேன். தேநீர் நல்லதுதான்.

வால்தம்ஸ்டோவில் நான் பழைய விளையாட்டுச் சாமான் விற்கிறேன். டென்னிஸ் மட்டை, சைக்கிள், ஓடுவோம் என்று வாங்கி ஓடாமல் விட்டவர்களின் ஓட்ட இயந்திரம். இந்த ஊர்ச் சனம் ஒரு சாமானை வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையில் ஏறக்குறைய மூன்று வாரம் உடற்பயிற்சி செய்கிறது. அந்த மூன்று வாரத்தில்தான் என் சோறு.

குளிர்காலத்தில் பனிப்பலகை. அதில் என்னை மிஞ்சிய ஆள் இந்தப் பக்கம் இல்லை. லண்டனுக்கு வருமுன் சுவிஸில் பதினொரு வருடம், பலகைகளை வாடகைக்கு விடும் ஒரு கடையின் பட்டறையில் நின்றேன். மற்றவர்கள் மேலே வழுக்கினார்கள். நாங்கள் கீழே நிலவறையில் மெழுகு பூசினோம். நான் ஒருநாள்கூடப் பலகையில் ஏறியதில்லை. ஏறாமலே அதன் வருத்தங்கள் எல்லாம் தெரியும். விரலை மடித்துத் தட்டினால் நல்ல பலகை முற்றிய தேங்காய் மாதிரிப் பதில் சொல்லும். உள்ளே மரம் வெடித்தது சொல்லாது. வெடித்ததை அங்கே அப்படியே குப்பையில் போடுவதில்லை. யாராவது எடுத்துக்கொண்டுபோய் ஏறிவிடுவார்கள். மரம் அறுக்கும் வாளால் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அறுப்பது என் வேலை. நானூறுக்குக் குறையாமல் அறுத்திருப்பேன். லண்டனிலும் அந்த வாளைக் கடையின் பின்னறையில்தான் வைத்திருக்கிறேன்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை மிதுலனும் என் மகள் தயாளினியும் கடைக்கு வந்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதம். ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்திரியாவில் ஒரு மலையூரில் வேலை எடுத்து இருக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஒரு குளிர்காலம்தானே என்று நானும் இருந்தேன்.

"மாமா, எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி ஒரு போர்ட் வேணும். மலை முழுக்க ஓடவும் வேணும், பார்க்குக்குள்ள போய்ப் பாயவும் வேணும்" என்றான்.

"எல்லாத்துக்கும் ஏத்தது எண்டு தேடினா ஒண்டுக்கும் திறமில்லாததுதான் அகப்படும், தம்பி. மாப்பிள்ளை தேடேக்கை நானும் அப்பிடித்தான் அம்பிட்டனான்" என்றேன். தயாளினி சிரித்தாள். அவனும் சிரித்தான். நல்ல பிள்ளை, தன்னை வைத்துச் சொன்ன பகிடிக்குச் சிரிப்பான்.

அவனுக்கு நான் பலகை தேர்ந்த விதத்தில் ஒரு பிழையும் காட்ட முடியாது. எடை கேட்டேன், எழுபத்துநாலு கிலோ. சப்பாத்து அளவு கேட்டேன், பத்தரை. அந்தக் காலுக்கு அகலப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது பெருவிரல் பனியில் இழுபடும். ஒன்று விறைப்பு, நேரே கீழே ஓட மட்டும் ஆகும், பாய்ந்து இறங்கினால் முழங்காலைக் கேட்கும். இன்னொன்று புட்டு மாதிரி. பாய்வதற்குப் பனிமேடுகள் கட்டிய பார்க்கில் விளையாடலாம், வேகம் எடுத்தால் நடுங்கும். வேறொன்றுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு வடிவம். பார்க்கில் பாய்கிறவன் சில நேரம் இடதுகால் முன்னால் போவான், சில நேரம் வலதுகால். அவனுக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மெல்லிய வளைவு, முனைகள் சற்று மேலே எழும்பியது, விறைப்பு நடுத்தரம், நீளம் நூற்று ஐம்பத்தாறு. கடைசியில் சுவரில் தொங்கிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். இன்றைக்கும் கேட்டால் அவனுக்கு அந்த ரகத்தைத்தான் சொல்வேன்.

அது இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று. மூடிப்போன ஒரு வாடகைக் கடையிலிருந்து மொத்தமாக வாங்கியதில் அந்த ரகத்தில் இரண்டு இருந்தன. ஒன்றில் முப்பத்தொன்று என்றும் மற்றதில் முப்பத்திரண்டு என்றும் மையால் எழுதியிருந்தது. முப்பத்தொன்று சுவரில் தொங்கியது. முப்பத்திரண்டு பின்னறையில், வாளுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. ஐப்பசியிலேயே தட்டிப் பார்த்தேன். முன்காலுக்குக் கீழே அது பதில் சொல்லவில்லை. அறுக்க நேரம் கிடைக்கவில்லை.

பிறகு பேரம். என் அப்பாவும் சித்தப்பாக்களும் சுன்னாகம் சந்தையில் நின்று வியாபாரம் செய்தவர்கள். எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் வாங்குகிறவனைப் பணக்காரன் என்று நினைக்கமாட்டார்கள், எங்களோடு கதைக்க விருப்பமில்லாதவன் என்றுதான் நினைப்பார்கள். மிதுலன் முதல்முதல் என் கடையில் ஒரு பந்து வாங்கியபோது எழுதியிருந்த விலையை அப்படியே தந்துவிட்டான். எனக்கு மனம் நொந்தது. அதன்பிறகு நான்தான் அவனுக்குப் பேரம் பழக்கினேன். அன்றைக்கு இருநூற்று இருபது என்றேன். அவன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கடைவாசல் வரை போய்த் திரும்பி வந்து, "வன் போர்ட்டி மாமா. காசாத் தாறன்" என்றான். வாசல் வரை போவது நான் பழக்கியது. சந்தோசமாக இருந்தது. நூற்று எண்பத்தைந்தில் நிற்கலாம் என்று மனதில் வைத்திருந்தேன்.

தயாளினி போனைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா, நாங்கள் இங்கத்தை பிளாட்டை விட்டிட்டம். சித்திரைக்குப் பிறகும் அங்கயே இருப்பம் போல. மிதுவிட்ட ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்குத்தானே. எனக்கும் அங்க வேலை எடுக்க ஏலும்."

நல்லது என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவளுடைய தாய் போன பிறகு, ஆறு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்து என்னோடு சாப்பிடுவாள். இறைச்சிக்கறி நான் வைப்பேன். அவள் குறை சொல்வாள்.

"வீடியோவில சாப்பிடுவம் அப்பா" என்றாள்.

நான் மிதுலனைப் பார்த்து, சரி தம்பி, நூற்று நாற்பது என்றேன். நான் கடை நடத்திய காலத்தில் அவ்வளவு கெதியாக ஒருநாளும் இறங்கியதில்லை. அதை அவன் கவனித்திருக்க வேண்டும். பழக்கியவன் நான், அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பைண்டிங் பூட்டுவதற்காக முப்பத்தொன்றை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். இருபது நிமிடம் கழித்து முப்பத்திரண்டோடு வெளியே வந்தேன். திருகுகளை ஒழுங்காக இறுக்கினேன், அடிப்பக்கத்துக்கு மெழுகும் போட்டேன். எண் தெரியாமலிருக்க மேலே கடையின் ஸ்டிக்கரை ஒட்டினேன். அது வெடிப்பு இருந்த இடத்துக்கு மேலேயே விழுந்தது. விழுந்தது என்று எழுதுவது சரியில்லை. அங்கேதான் ஒட்டினேன்.

என் மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணிக்கட்டு என்று நினைத்தேன். மிஞ்சினால் காறை எலும்பு. ஆறு வாரம் கட்டுப் போட்டால் வேலை போகும், வேலை போனால் வீட்டுக்கு வருவார்கள். மாசிக்குள் ஞாயிறு திரும்ப வந்துவிடும். மதிப்பீடு பிழைத்துப் போவது வியாபாரத்தில் நடக்கிறதுதான்.

மலைக்குப் போன நாலாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, நான் கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டு நின்றபோது மிதுலன் போன் எடுத்தான். இந்தப் போனைப் பற்றி உங்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"மாமா, குறை நினைக்கக்கூடாது. தயா தன்ர போர்டுக்கு மெழுகு போடக் குடுக்கேக்கை என்ரயையும் சேத்துக் குடுத்திட்டா. பட்டறைக்காரன் தட்டிப் பாத்திட்டு உள்ளுக்கு வெடிச்சிருக்கு, ஏறவேண்டாம் எண்டுறான். நானெண்டால் குடுத்திருக்கமாட்டன் மாமா. நீங்கள் பாத்துத் தந்ததைக் கொண்டுபோய் இன்னொருத்தனிட்டக் காட்டுறது மரியாதையில்லை."

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்திருந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். சொந்தக்காரர் செய்து தந்த வேலையை வெளியாளிடம் காட்டிச் சரிபார்த்தால், செய்தவரின் முகத்தில் அடித்த மாதிரி. விற்கும்போது நான் அதைக் கணக்கில் எடுத்திருந்தேன். தயாளினி இந்த ஊரில் வளர்ந்தவள், அப்படிப் பார்க்கமாட்டாள் என்பதைத்தான் எடுக்கவில்லை.

பட்டறைக்காரன் புதுப் பலகைக்கு விலை ஏதும் சொன்னானா என்று கேட்டேன். நானூறு யூரோ என்றான்.

"அப்ப பிறகென்ன தம்பி. அவன் தன்ர சாமானை விக்கப் பாக்கிறான். நீ ஓடு."

"நானும் அதைத்தான் நினைச்சனான் மாமா" என்றான். அவன் குரலில் ஒரு பாரம் இறங்கியது கேட்டது.

மொத்தம் நாலு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும். அதில் இரண்டு நிமிடம் நான் சாப்பிட்டேனா, மருந்து எடுத்தேனா என்று அவன் விசாரித்தது. போனை வைத்த பிறகு ஒருவர் சைக்கிள் பம்ப் கேட்டு வந்தார். ஐந்து பவுணுக்குக் கொடுத்தேன். திரும்ப எடுத்து ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. அவன் விழுந்தது லண்டன் நேரம் பத்தேகாலுக்கு.

இரண்டாவது பாய்ச்சலில் இறங்கும்போது பலகை முன்காலடியில் முறிந்தது. மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை.

இப்போது கிங்ஸ்பரியில் கீழ்த்தள வீடு ஒன்றில் இருக்கிறார்கள். தயாளினி மருந்துக்கடையில் அரைநாள் வேலை. மிச்சநேரம் அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கழுவ வேண்டும், இரவிலும் எழும்ப வேண்டும். அதற்கு ஆள் வைக்கத்தான் உங்கள் காசு. அது வராவிட்டால் அவளுக்கும் முதுகு போய்விடும்; ஏற்கெனவே பெல்ட் கட்டுகிறாள். நான் ஞாயிறு தவறாமல் இறைச்சிக்கறியோடு ரெயில் ஏறிப் போகிறேன். முன்பு அவள் வந்தாள், இப்போது நான் போகிறேன்.

போன ஞாயிறு உங்கள் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு அவனைப் பேசினாள். "பட்டறைக்காரன் சொன்னவன், நானும் சொன்னனான். கேட்டனியே? ஆரிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டனியே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கறிச்சட்டியைப் பார்த்தேன்.

"என்ர பிழைதான் தயா" என்றான். பிறகு, "மாமா, இன்னும் ரெண்டு துண்டு போடுங்கோ" என்றான். போட்டேன்.

உங்களிடமும் அவன் அதைத்தான் சொன்னான், தானே முடிவெடுத்தேன் என்று. என்னிடம் கேட்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. நல்ல வளர்ப்பு.

ஆகவே நீங்கள் எழுதிய காரணம் நிற்காது. எச்சரிக்கை கிடைத்ததும் அவன் பதினொரு வருடம் பட்டறையில் நின்ற ஒருவரிடம் கேட்டிருக்கிறான். அவர் ஓடச் சொன்னார், ஓடினான். அதைக் கவனக்குறைவு என்று சொல்ல ஏலாது. என் போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது, படம் பிடித்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களிடம் உள்ள முறிந்த துண்டில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், முப்பத்திரண்டு என்று இருக்கும். முப்பத்தொன்று என் கடைச் சுவரில் தொங்குகிறது. இருவர் விலை கேட்டார்கள், கொடுக்கவில்லை. வந்து தட்டிப் பாருங்கள், நன்றாகப் பதில் சொல்லும்.

பொலிசுக்கு அறிவிப்பீர்கள் என்று தெரியும். கடைநேரத்தில் வரச் சொல்லுங்கள். தயாளினிக்கு இதைக் காட்டுவதானால் திங்கட்கிழமை காட்டுங்கள். ஞாயிறுக்கு இறைச்சி சொல்லி வைத்துவிட்டேன்.

வியாபாரி கணக்கு எழுதாமல் கடிதத்தை முடிக்கக்கூடாது. நான் கொடுத்தது: சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, குளியலறை, கட்டில், தூக்கும் இயந்திரம், எல்லாமாகப் பதினெட்டாயிரத்து நானூறு பவுண். ஞாயிற்றுக்கிழமைக் கறி அறுபத்தொரு தடவை. இந்தக் கடிதம். எனக்கு வந்தது: மகள் லண்டனில் இருக்கிறாள். அதற்கு மேல் நூற்று நாற்பது பவுண் காசு. அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க மூன்று தரம் பார்த்தேன். பேரம் பேசி வாங்கின சாமான், மாமா, திருப்பி எடுக்கமாட்டன் என்கிறான். அந்த நூற்று நாற்பது மட்டும் என் பக்கம் பாக்கி நிற்கிறது. மற்றபடி கணக்கு நேர்.

இப்படிக்கு,
இராஜேந்திரன்